தொண்ணூறு எந்தப் பக்கம்

தனசிங் மாஸ்டருக்கு ஒரு தப்பைக் கண்டால் சும்மா இருக்க வராது. கல்யாணப் பத்திரிகை வந்தால் வீட்டில் மற்றவர்கள் தேதியைப் பார்ப்பார்கள், அவர் சிவப்புப் பேனாவைத் தேடுவார். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ‘இங்கு நிற்காதிர்’ என்று எழுதியிருந்த ஒரு குறிலுக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, அதை எழுதின பெயிண்டரை விசாரித்துக்கொண்டு போனவர் அவர். இருபத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்ததில் வந்த வியாதி என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர் மனைவி ஞானஜோதி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். “அதெல்லாம் இல்ல. கல்யாணத்தன்னிக்கே இருந்தது. பாஸ்டர் வசன நம்பரைத் தப்பாச் சொல்லிட்டார்னு தாலியைக் கையில வெச்சுக்கிட்டு நிறுத்தினவர்” என்பாள்.

அவர்கள் குடியிருந்தது சேலையூர்ப் பக்கம், ஏரிக்குக் கீழே, பெதஸ்தா நகரில். மனை போட்டவர் வேதாகமத்தில் வருகிற குளத்தின் பெயரை ஆசையாக வைத்திருந்தார். மழைக்காலத்தில் பெயர்ப் பொருத்தம் நூற்றுக்கு நூறு. வேதத்துக் குளத்தில் தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்கினவனுக்கு நோய் தீருமாம். இங்கே இறங்கினவனுக்குச் சேற்றுப்புண் வரும்.

நாற்பத்தெட்டு வீடு. அதற்கு ஒரு நலச் சங்கம். சங்கத்துக்கு ஒரே தலைவர், ஜீவரத்தினம். முடிச்சூர் ரோட்டில் மரக்கடை வைத்திருந்தார். காலனியில் மேடான மனை அவருடையது, ஒரே டெலிபோனும் அவருடையது. நாகர்கோவிலில் மகளுக்குப் பிரசவம் என்றாலும், துபாயிலிருந்து மருமகன் பேசினாலும் அவர் வீட்டு வராந்தாவில்தான் போய் நிற்க வேண்டும். ஆகையால் மழைநீர் போக ஒரு கால்வாய் வெட்டுங்கள் சார் என்று கேட்க நினைத்தவர்கள் எல்லாம், கேட்கிற சமயம் பார்த்து மகளை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

சங்கம் தொடங்கினது 1982, பிப்ரவரி பதினாலாம் தேதி. அன்றைக்கு விதிகளைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவரும் ஜீவரத்தினம்தான். நாலாவது விதி இது: ‘தலைவர் இந்தத் தசாப்தம் முடியும் வரை பதவியில் இருப்பார்.’ பத்து வருஷம் என்று சொல்லியிருந்தால் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். தசாப்தம் என்றதும் ஏதோ கோயில் காரியம் போல இருந்தது. தவிர, அந்த நேரத்தில் போண்டா வந்துவிட்டது.

எட்டு வருஷம் ஓடிப்போயிற்று. கால்வாய் வரவில்லை. 1989 டிசம்பர் பிறந்தபோது பத்தாம் நம்பர் வீட்டு அமலராணிதான் முதலில் அந்த விதியை ஞாபகப்படுத்தினாள். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. தினம் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய் வருகிறவள். போகவர ரயிலிலேயே பேசி முக்கால்வாசிக் காலனியை வளைத்துவிட்டாள்.

“எண்பதுகள் முடியுது. அவர் பதவியும் முடியுது. ஜனவரி ஒண்ணாந்தேதி எலெக்‌ஷன். நம்ம தனசிங் மாஸ்டரை நிறுத்துவோம்.”

மாஸ்டரை யாரும் மறுக்கவில்லை. பாதி வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் ட்யூஷன் படித்துத்தான் கணக்கில் கரையேறினவர்கள். அமலராணியே நிற்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆம்பிளை ஒருத்தர் இருந்தால் ஆபீசர்களிடம் பேச வசதி என்றார்கள். அமலராணி சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். மாஸ்டருக்கோ உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. கால்வாய் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று கிராஃப் தாளில் அப்போதே வரைய ஆரம்பித்துவிட்டார்.

டிசம்பர் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் ஏற்பாட்டுக்கான கூட்டம். வழக்கம்போல நர்சரிப் பள்ளிக் கொட்டகையில். மூன்று வயசுக் குழந்தைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜீவரத்தினம் எழுந்தார். முகத்தில் களையே இல்லை. ஓட்டு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாதா?

“எண்பதுகள் என்கிற இந்தத் தசாப்தம் வருகிற முப்பத்தொன்றாம் தேதியோடு நிறைவடைகிறது. அதோடு நானும் விடைபெறுகிறேன்” என்றார். குரல் தழுதழுத்தது.

அவ்வளவுதான். இனி மாஸ்டர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தச் சின்ன பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருப்பது. ஞானஜோதிக்குக் கணவனைத் தெரியும். அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். கை வழுக்கியது. மாஸ்டர் எழுந்துவிட்டார்.

“ஒரு சின்னத் திருத்தம்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் கரும்பலகைக்குப் போனார். பக்கத்தில் அணில், ஆடு படம் தொங்கியது. சாக்பீஸை எடுத்து ஒன்றிலிருந்து பத்து வரை எழுதினார்.

“நம்ம முதல் தெருவுல ஒண்ணாம் நம்பர் வீட்டுலேர்ந்து பத்தாம் நம்பர் வரைக்கும் இருக்கு. அமலராணி சிஸ்டர், பத்தாம் நம்பர் உங்க வீடு. நீங்க முதல் தெருவா, ரெண்டாந்தெருவா?”

“முதல் தெருதான். அதுக்கென்ன இப்ப?”

“அப்ப பத்து, முதல் பத்தோட சேர்ந்தது. நம்ம வருஷக் கணக்குல பூஜ்யம்னு ஒரு வருஷமே கிடையாது. ஒண்ணுலதான் ஆரம்பம். ஒண்ணுலேர்ந்து பத்து முதல் தசாப்தம். பதினொண்ணுலேர்ந்து இருபது அடுத்தது. இப்படியே போனா எண்பத்தொண்ணுலேர்ந்து தொண்ணூறு. தசாப்தம் முடியிறது அடுத்த வருஷம் டிசம்பர் முப்பத்தொண்ணு. இந்த வருஷம் இல்ல.”

அமலராணிதான் முதலில் சுதாரித்தாள்.

“மாஸ்டர், எண்பதுன்னு வாயில வந்தாத்தான் எண்பதுகள். தொண்ணூறாம் வருஷத்தைப் போய் எண்பதுகள்னு உலகத்துல எவனாவது சொல்வானா?”

“அது வழக்கு. இது கணக்கு.”

“உக்காருங்க மாஸ்டர்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஜீவரத்தினத்தின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கடைசி ரயிலை விட்டுவிட்டோம் என்று நினைத்து நின்றவனுக்கு, அந்த ரயில் இன்னும் வரவே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி மலர்ந்தது. மெதுவாக எழுந்து மாஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“மாஸ்டர் சொன்னா கணக்கு சரியாத்தான் இருக்கும். விதியை மீற நான் யாரு? இன்னும் ஒரு வருஷம் இந்தச் சிலுவையைச் சுமக்கச் சொல்றீங்க. சுமக்கிறேன். எழுதிக்குங்கப்பா தீர்மானத்தை.”

எழுதிவிட்டார்கள். எல்லாம் ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஞானஜோதி மூன்றாவது மின்கம்பம் தாண்டியதும் கேட்டாள்.

“தலைவர் ஆகப்போறவர் யாரு?”

“நான்தான்.”

“அந்த எலெக்‌ஷனை நிறுத்தினது யாரு?”

“ஜோதி, தப்பை எப்படி விடறது? நாப்பது பேர் முன்னால தப்பாச் சொல்றார்.”

“உங்களுக்குத் தலைவர் ஆகணும்னெல்லாம் ஆசை இல்ல. நீங்க சொன்னது சரின்னு நாலு பேர் சொல்லணும். அதுக்கு வீடு வாசல் போனாலும் பரவாயில்ல.”

அப்படிப் பிறந்தது 1990. உலகம் முழுக்கத் தொண்ணூறுகளை வரவேற்றுக்கொண்டிருந்த அந்த ஜனவரி ஒன்றாம் தேதி காலை, பெதஸ்தா நகர் முகப்பில் மட்டும் ‘எண்பதுகளின் இறுதி ஆண்டே வருக’ என்று துணி கட்டியிருந்தது. ஜீவரத்தினத்தின் செலவு. கேம்ப் ரோட்டில் போன பஸ்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். புத்தாண்டு விழா மேடையில் மாஸ்டருக்கு முன்வரிசை நாற்காலி. பூஜ்யம் இல்லாத வருஷக் கணக்கைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். கைதட்டினவர் ஜீவரத்தினம் ஒருவர்தான். அவர் இரண்டு பேர் அளவுக்குத் தட்டினார்.

அதற்குப் பிறகு மாஸ்டருக்கு டெலிபோன் தாராளமாகக் கிடைத்தது. “உங்க வீட்டுப் போனா நெனச்சுக்குங்க மாஸ்டர்” என்றார் ஜீவரத்தினம். ஆனால் கூப்பிட்டுப் பேசத்தான் ஆள் இல்லை. ரயிலில் இவர் ஏறினால் தெரிந்தவர்கள் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். அமலராணி எதிரே வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனாள், வெயிலே இல்லாத நாளிலும். உண்மையைச் சொன்னவனுக்கு எந்தக் காலத்தில்தான் நல்ல பேர் கிடைத்திருக்கிறது என்று மாஸ்டர் தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொள்வதில் ஒரு சுகம்கூட இருந்தது.

அந்தச் சுகம் ஐப்பசி வரைக்கும்தான். அந்த வருஷம் மழை மூன்று நாள் விடாமல் ஊற்றியது. ஏரி வழிந்து, தண்ணீர் நேராகக் காலனிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நாலாவது நாள் காலை மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிலைமையைப் பார்க்கிறேன் என்று குடையோடு இறங்கினார். கடைசித் தெருவில் இருந்ததிலேயே பள்ளமான வீடு லோகநாயகியுடையது. ஜாக்கெட் தைப்பவள். கட்டில்மேல் தையல் மிஷினைத் தூக்கி வைத்து, அதன் பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கடியில் அரிசி டின் மிதந்து சுவரில் முட்டி முட்டித் திரும்பியது.

“வா மாஸ்டர். ஒரு டவுட்டு கேக்கணும்னு இருந்தேன்” என்றாள்.

“என்னம்மா?”

“இந்தத் தண்ணி எந்தப் பத்து வருசத்து தண்ணி? எம்பதா, தொண்ணூறா? வூட்ல முட்டி வரிக்கும் கீது, அதான் கேக்கறேன். போன வருசமே ஆள மாத்தியிருந்தா கால்வா வந்திருக்கும்னு அமலராணி அக்கா சொல்லுது. நீ இன்னான்னா, இல்ல, இன்னும் முடியலன்ற. எனுக்குக் கணக்கு தெரியாது. நீ சொல்லு.”

மாஸ்டர் வாயைத் திறந்தார். “தொண்ணூறு நவம்பர்னா அது...” என்று தொடங்கினார். தொடங்கினபிறகுதான் தாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். கட்டிலில் இருந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து தம் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார். நாலு நடை. கடைசி நடையில் மிஷின் தலையையும் கழற்றித் தூக்கிக்கொண்டார். லோகநாயகி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

அப்படியே ஈர வேட்டியோடு ஜீவரத்தினம் வீட்டுக்குப் போனார். அந்த மேட்டில் வாசல் கோலம்கூட அழியாமல் இருந்தது.

“சார், நகராட்சிக்குப் போன் பண்ணுங்க. கடைசித் தெருப் பள்ளத்துலேர்ந்து வெளிப்பக்கமா ஒரு வெட்டு வெட்டிவிட்டா தண்ணி இறங்கிடும்.”

ஜீவரத்தினம் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

“வெட்டலாம் மாஸ்டர். ஆனா நான் இருக்கப்போறது டிசம்பர் வரைக்கும்தானே? தசாப்தம் முடியிற நேரத்துல பெரிய காரியத்துல கை வைக்கக் கூடாது. புதுசா வர்றவங்க வந்து செய்யட்டும். அதான் முறை. நீங்களே சொல்லுங்க, நான் சொல்றது சரியா தப்பா?”

மாஸ்டருக்கும் ஒரு டம்ளர் வந்தது. அதைத் தொடாமல் மறுபடி தண்ணீருக்குள் இறங்கி நடந்தார்.

தண்ணீர் வடிய எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் மாஸ்டர் கிராஃப் தாளோடு உட்கார்ந்து, கால்வாய்க்கு எத்தனை அடிக்கு எத்தனை அங்குலம் சரிவு என்று தெருத்தெருவாக வரைந்து முடித்தார். எப்படியும் ஜனவரியில் தேர்தல். கணக்கும் முடிந்தது, வழக்கும் முடிந்தது. இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது. நாலு பக்கத்துக்கு ஏற்புரையும் எழுதி வைத்துக்கொண்டார்.

1991 ஜனவரி ஆறாம் தேதி. அதே கொட்டகை, அதே குட்டி பெஞ்சு. இந்தத் தடவை நிற்க இடமில்லாத கூட்டம். ஜீவரத்தினம் எழுந்தார். போன தடவை இருந்த அழுமூஞ்சி இல்லை. கையில் பழைய தீர்மான நோட்டு.

“தேர்தல்னு சொல்றாங்க. நல்லது. ஆனா நாலாவது விதி என்ன சொல்லுது? ‘இந்தத் தசாப்தம்.’ அதுல ‘இந்த’ன்னா எந்த? சங்கம் ஆரம்பிச்ச அன்னிக்கு எழுதினது. அன்னிலேர்ந்துதானே எண்ணணும்? தசாப்தம்னா பத்து வருஷம். எண்பத்திரண்டு பிப்ரவரி பதினாலுலேர்ந்து பத்து வருஷம் எண்ணினா தொண்ணூத்திரண்டு பிப்ரவரி. எனக்கு இன்னும் ஒரு வருஷமும் ஒரு மாசமும் இருக்கு. நான் சொல்றதை நம்ப வேணாம். மாஸ்டர் இருக்கார். மாஸ்டர், எங்கேர்ந்து எண்ணினாலும் பத்து வருஷம் சேர்ந்தா அது தசாப்தம்தானா? சரியா, தப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அமலராணி பார்த்தாள். கடைசி பெஞ்சில் லோகநாயகி பார்த்தாள். ஞானஜோதி மட்டும் பார்க்கவில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தப்பு என்ற மூன்று எழுத்து. அதைச் சொன்னால் போதும். மாஸ்டருக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. முட்டளவு தண்ணீர் கண்ணுக்குள் வந்தது. மிதந்த டின் வந்தது. நாக்கை மேலண்ணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஆனால் இருபத்தாறு வருஷமாக விடைத்தாளில் சரியான விடைக்கு அவர் தப்பு போட்டதே இல்லை.

“கணக்குப்படி பார்த்தா...” என்றார். “அதுவும் ஒரு வகையில சரிதான். ஆனா...”

அந்த ‘ஆனா’ யார் காதிலும் விழவில்லை. கொட்டகை அப்படியே கொந்தளித்தது. அடப் பேஜார் பிடிச்ச மனுஷா என்று யாரோ கத்தினார்கள். பெஞ்சு ஒன்று முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே லோகநாயகியின் குரல் எழும்பியது.

“எக்கா, அமலராணி எக்கா! நீயே நில்லு. இந்த ரெண்டு பேருமே வாணாம். கணக்கு தெரியாதவங்களா பாத்து யாராச்சும் ஒருத்தர் வரட்டும்.”

சிரிப்பு கிளம்பியது. அமலராணி எழுந்து கரும்பலகைக்குப் போய், பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டிருந்ததைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நான் நிக்கிறேன். இது எண்பதுகளா, தொண்ணூறுகளா, சங்கத்தோட சொந்தத் தசாப்தமா, எனக்குத் தெரியாது. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வந்திருக்கீங்க. அது போதும். ஜீவரத்தினம் சார் வேணும்னா கை தூக்குங்க.”

மூன்று கை. அதில் இரண்டு மரக்கடை ஆட்கள்.

“தனசிங் மாஸ்டர்?”

ஒரு கை உயர்ந்தது. அதுவும் ஜீவரத்தினத்தின் கைதான். தம் ஓட்டு எடுபடாது என்று தெரிந்ததும் நன்றிக்கடனைத் தீர்த்துக்கொண்டார் போலும்.

“எனக்கு?”

கொட்டகை முழுக்கக் கை. எண்ணுவதற்கு நம்பகமான ஆள் வேண்டும் என்றார்கள். அந்த விஷயத்தில் மட்டும் மாஸ்டரை விட்டால் ஆள் இல்லை. அவர் வரிசை வரிசையாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டாவது வரிசையில் ஞானஜோதியின் கை உயர்ந்திருந்தது. விரல் ஒரு கணம் நின்றது. அவள் அவரை நேராகப் பார்த்தாள். கையை இறக்கவில்லை. மாஸ்டர் அதையும் எண்ணினார். பலகையில் ‘41’ என்று எழுதி, வழக்கப்படி கீழே இரண்டு கோடு போட்டார்.

ஜீவரத்தினம் தேர்தல் செல்லாது என்று சொல்லிவிட்டுத் தீர்மான நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். காலனிக்காரர்கள் புது நோட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு அமலராணி மாஸ்டர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். “நீங்க கால்வாய்க்கு ஒரு படம் போட்டு வெச்சிருக்கீங்கன்னு ஜோதி அக்கா சொன்னாங்க. அதைக் குடுங்க. விளக்கம் வேணாம்” என்றாள். மாஸ்டர் விளக்கம் சொல்லாமல் கொடுத்தார். வாழ்க்கையில் அவருக்கு அது பெரிய காரியம். அவள் நகராட்சிக்கு ஏழு தடவை நடந்தாள். ஆடி முடிவதற்குள் கால்வாய் வந்துவிட்டது. சரிவைத் தலைகீழாக வெட்ட ஆரம்பித்த மேஸ்திரியோடு மாஸ்டர் இரண்டு நாள் வெயிலில் நின்று மல்லுக்கட்டி, ரசமட்டத்தை வைத்துக் காட்டித் திருத்தினார். அவர் திருத்தினதில் ஊருக்கு உபயோகமானது அது ஒன்றுதான். அந்த வருஷ மழையில் லோகநாயகி கட்டிலில் ஏறாமலே ஜாக்கெட் தைத்தாள்.

ஜீவரத்தினம் மட்டும் பதவியை விடவில்லை. ‘தலைவர்’ என்று லெட்டர்பேடு அடித்து வைத்துக்கொண்டு, பால்காரருக்குச் சீட்டு எழுதினாலும் அதில்தான் எழுதினார். 1992 பிப்ரவரி பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாஸ்டருக்கு ஆள் அனுப்பினார். போனால், கூடத்தில் இரண்டே நாற்காலி. மேஜையில் ஒரு ரோஜா மாலை, ஒரு தட்டில் கேக்.

“இன்னியோட என் தசாப்தம் முடியுது மாஸ்டர். பிரிவுபசாரம். காலனியில என் கணக்கை ஒத்துக்கிட்ட ஒரே ஆள் நீங்க. அதான் உங்களை மட்டும் கூப்பிட்டேன்.”

மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். ஜீவரத்தினம் நின்றுகொண்டு, எதிர் நாற்காலியில் இருந்த ஒரே மனிதரைப் பார்த்து, “அன்பார்ந்த பெதஸ்தா நகர் மக்களே” என்று ஆரம்பித்தார். பத்தாண்டு சேவையைப் பற்றிப் பேசினார். குரல் இந்தத் தடவை நிஜமாகவே தழுதழுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்றோடு, இதே நாளில்...” என்றார்.

மாஸ்டர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கேக்கைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். டெலிபோனைப் பார்த்தார். அது அடித்துத் தொலைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம்.

“ஒரு சின்னத் திருத்தம் சார்” என்றார்.

ஜீவரத்தினம் நிறுத்தினார்.

“பதினாலாம் தேதி ஆரம்பிச்சதுன்னா, பத்து வருஷம் பதிமூணாந்தேதியே முடிஞ்சிடும். நேத்தோட முடிஞ்சிருச்சு. இன்னிக்கு நீங்க தலைவர் இல்ல.”

ஜீவரத்தினம் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“கேக் சாப்பிடுங்க மாஸ்டர்” என்றார்.